ஆமையும் அடும்பும்: கடற்காப்பு வெளியீடுகளின் தமிழ்

ஒரு நூல் யாருக்காக எழுதப்பட்டதோ அவர் அதனைப் புரிந்துகொண்டாரா என்பதே அந்நூலுக்கு வைக்கத்தக்க முதற் சோதனை. கதைக்கும் கவிதைக்கும் இச்சோதனையை நாம் தயங்காமல் வைக்கிறோம். பள்ளிப் பிள்ளைகளுக்கும் அவர்தம் வீட்டாருக்கும் அறிவியலை எடுத்துச் சொல்லும் சிறு வெளியீடுகளுக்கோ வைப்பதில்லை. 'பொதுநலம் கருதி வெளியிட்டது; அதில் போய்க் குறை காண்பதா?' என்று விட்டுவிடுகிறோம். இந்த இரக்கம் தமிழுக்கும் நல்லதன்று, பொதுநலத்துக்கும் நல்லதன்று. ஆதலின், கடலையும் அதில் வாழும் உயிர்களையும் காக்கச் சொல்லி இந்நாளில் வெளிவரும் தமிழ் வெளியீடுகளைப் பற்றிச் சில கருத்துகளை ஆசிரியப் பெருமக்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

நான் பாயான் பாருவில் குடியிருப்பவன். பெருநிலத்தில் உள்ள தோட்டப் பள்ளி ஒன்றின் தலைமையாசிரியன். பத்து மாவுங்கிலிருந்து பத்து காவானுக்குச் செல்லும் இரண்டாம் பாலத்தின் வழியாகப் பள்ளிக்குப் போய் வருகிறேன். 2014-இல் திறக்கப்பட்ட அப்பாலத்தின் நீளம் 24 கிலோமீட்டர். அதில் ஏறத்தாழ 17 கிலோமீட்டர் கடலின் மேல் செல்கிறது. நாள்தோறும் இவ்வளவு கடலைக் கடந்து நான் சென்று பாடம் சொல்லும் பிள்ளைகளுக்கோ கடல் என்பது பள்ளி விடுமுறையில் ஒருநாள் பார்க்கும் காட்சி, அவ்வளவே.

பாட்டி கேட்ட கேள்வி

சில காலத்துக்கு முன் கடலாமைகளைக் காப்பது பற்றிய துண்டுத்தாள் ஒன்று என் கைக்கு வந்தது. ஒரு பக்கம் மலாய், மறுபக்கம் தமிழ். இருமொழியில் வந்ததே என்று மகிழ்ந்து, ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தியிடம் கொடுத்து, வீட்டில் பாட்டிக்குப் படித்துக் காட்டி வரச் சொன்னேன். மறுநாள் அவள் வந்து நின்றாள்.

"பாட்டி என்னம்மா சொன்னாங்க?" என்று கேட்டேன்.

"சார், 'யாரு முட்டைய யாரு எடுக்கக் கூடாதுங்குது, அத மொதல்ல சொல்லு'ன்னு கேட்டாங்க சார்" என்றாள்.

திறனாய்வு என்றால் இதுவே திறனாய்வு. துண்டுத்தாளின் தமிழ்ப் பக்கத்தை எடுத்துப் பார்த்தேன். 'கடலாமை முட்டைகளின் சட்டவிரோதச் சேகரிப்பைத் தவிர்த்தல் வாழ்விடப் பாதுகாப்புக்கான பங்களிப்பாக அமைகின்றது' என்று இருந்தது. மலாய்ப் பக்கத்தில் அதே இடத்தில் நான்கே சொற்கள்: 'ஜாங்ஙான் அம்பில் தெலூர் பென்யு'. 'ஆமை முட்டையை எடுக்காதீர்கள்' என்பது பொருள். தமிழில் மூன்று சொற்களில் முடியும். முடிந்தும் ஏன் முடிக்கவில்லை?

காரணம் தமிழின் வறுமையன்று. எழுதியவர் ஏதோ ஓர் அலுவலக அறிக்கையை முன்னே வைத்துக்கொண்டு, அதன் பெயர்ச்சொல் ஒவ்வொன்றுக்கும் ஒரு தமிழ்ப் பெயர்ச்சொல்லைத் தேடியிருக்கிறார். சேகரிப்பு, தவிர்த்தல், பாதுகாப்பு, பங்களிப்பு என்று பெயர்கள் வரிசையாக நிற்கின்றன. எடுப்பவன் இல்லை, தடுப்பவன் இல்லை, ஆமைகூட வெறும் அடைமொழியாகிவிட்டது. செய்வோன் இல்லாத வாக்கியத்தைப் படித்து எவரும் எதையும் செய்யப் போவதில்லை. மலாய்ப் பக்கத்தை எழுதியவர் படிப்பவரின் முகத்தைப் பார்த்து எழுதினார். தமிழ்ப் பக்கத்தை எழுதியவர் தாளைப் பார்த்து எழுதினார். இருமொழி வெளியீடு என்று இதனைச் சொல்லுதல் பொருந்தாது. ஒருமொழி வெளியீட்டுக்குத் தமிழில் ஒரு நிழல் என்றே சொல்லலாம்.

பெயர்களில் உள்ள அறிவு

இரண்டாவது குறை பெயர்களைப் பற்றியது. அத்துண்டுத்தாள் ஆமை வகைகளைப் 'பச்சைக் கடலாமை', 'தோல்முதுகுக் கடலாமை', 'ஆலிவ் ரிட்லி' என்று அடுக்குகிறது. பச்சைக் கடலாமையின் படத்தைப் பார்த்த ஒரு மாணவன், 'பச்சையாகவே இல்லையே' என்றான். அவன் கேட்டது முறையே. அதன் உடற்கொழுப்பின் நிறம் பற்றியே அப்பெயர் வந்தது; ஓட்டின் நிறம் பற்றியன்று. தமிழகக் கடற்கரையில் மீனவர் அதனைப் பேராமை என்பர். முதுகில் நீள்வரிகள் ஓடும் மிகப்பெரிய ஆமையை ஏழுவரி ஆமை என்பர். அலகு போன்ற வாயுடையது அழுங்காமை. சோழமண்டலக் கரையில் தை முதல் பங்குனி வரையில் கரையேறி முட்டையிடுவது பங்குனி ஆமை. ஒவ்வொரு பெயரிலும் பார்த்தவனின் கண் இருக்கிறது.

மலாய்க்காரர் வைத்த பெயரையும் பாருங்கள். ஏழுவரி ஆமை அவர்களுக்குப் 'பென்யு பெலிம்பிங்'. பெலிம்பிங் என்பது நாம் சந்தையில் வாங்கும் நட்சத்திரப் பழம். அதன் விளிம்புகள் போல ஆமையின் முதுகில் வரிகள் எழுந்து நிற்பதால் அப்பெயர். தமிழ் மீனவன் வரியை எண்ணினான். மலாய் மீனவன் பழத்தை நினைத்தான். இருவரும் பார்த்தது ஒரே முதுகு. இவ்விரு பெயர்களையும் ஒரே பக்கத்தில் வைத்துப் பாடம் சொன்னால் பிள்ளை இரு மொழியையும் ஒருங்கே கற்கும், ஆமையையும் மறவாது. 'தோல்முதுகு' என்ற மொழிபெயர்ப்பில் இவை யாவும் போய்விடுகின்றன.

இந்த ஏழுவரி ஆமையின் வரலாற்றையும் இங்குச் சொல்லவேண்டும். 1950-களில் திராங்கானு மாநிலத்தின் ரந்தாவ் அபாங் கரையில் ஓராண்டில் பதினாயிரம் வரையில் அவை கூடு தோண்டியதாகக் கணக்கிட்டுள்ளனர். இன்று அங்கே ஒன்று கரையேறினாலே அது செய்தி. பல்லாண்டுகள் முட்டைகளை வாரி எடுத்து விற்றதும், ஆழ்கடல் வலைகளில் ஆமைகள் சிக்கி மடிந்ததும் காரணம். 1961 முதலே அங்கே பொரிப்பகம் வைத்துக் காத்தனர். எனினும் காத்த முட்டைகள் மிகச் சிலவே. மணலின் வெப்பம் மிகுந்தால் பெண் குஞ்சுகளே பிறக்கும் என்னும் உண்மை பின்னரே தெளிவாயிற்று. திராங்கானுவில் எல்லா ஆமை முட்டை விற்பனையும் தடைப்பட்டது 2022-இல்தான். 'எடுக்காதீர்கள்' என்னும் ஒரு சொல் காலத்தில் சொல்லப்படாமற் போனால் என்ன ஆகும் என்பதற்கு இதனினும் பெரிய சான்று வேண்டுமோ?

அகநானூற்று ஆமை

தமிழ் கற்பிக்கும் நம் கையில் இன்னொரு செல்வம் உண்டு. அகநானூற்றின் 160-ஆம் பாட்டு குமுழிஞாழலார் நப்பசலையார் பாடியது. சூல் நிறைந்த ஆமை ஒன்று அடும்பின் கொடி சிதைய வந்து, மணல்மேட்டின் பக்கத்தில் முட்டையிட்டு மறைத்துப் புதைப்பதை அதில் காண்கிறோம். முட்டையின் உருண்டை வடிவையும் அதன் புலால் நாற்றத்தையுங்கூட அப்புலவர் விடவில்லை. அடும்புக் கொடி படர்ந்த மணல்மேட்டில் கடலாமை கூடு தோண்டுவதை இன்றும் காணலாம்.

ஆனால் ஒன்று. குஞ்சு வெளிவரும் வரையில் ஆண் ஆமை முட்டைகளைக் காத்திருக்கும் என்று அப்பாட்டுக் கூறுகிறது. இஃது இயற்கையில் இல்லை. ஆண் கடலாமை முட்டையைக் காக்கக் கரையேறுவதில்லை. பெண்ணும் நூறு முட்டை அளவில் இட்டு மூடியபின் கடலுக்குத் திரும்பிவிடும். ஏறத்தாழ 45 முதல் 60 நாள் வரையில் மணலின் சூடே முட்டைகளுக்குத் தாய். இதனை வகுப்பில் மறைக்கவேண்டா. புலவர் பிழை செய்தார் என்று எள்ளவும் வேண்டா. பார்த்ததைப் பார்த்தபடி சொல்லிவந்த புலவர், பார்க்காத இடத்தில் தம் உள்ளம் விரும்பியதை வைத்தார். பாட்டின் முற்பகுதி கண்ணின் வேலை; பிற்பகுதி நெஞ்சின் வேலை. இவ்விரண்டையும் பிரித்துக் காட்டுவதே தமிழாசிரியனும் அறிவியலாசிரியனும் சேர்ந்து செய்யத்தக்க பாடம். காவல் இல்லாத அம்முட்டைக்குக் காவல் வேண்டும் என்று அன்றே ஒரு நெஞ்சம் எண்ணியது. இன்று பினாங்குத் தேசியப் பூங்காவின் கெராச்சுட் கடற்கரையில், மீன்வளத் துறையின் ஆமை நிலையத்தில், அக்காவலை மனிதர் செய்கின்றனர்.

அடும்பும் அப்படியே. அதன் இலையை மானின் குளம்புக்கு ஒப்பிட்டது நம் குறுந்தொகை. மலாயில் அதன் பெயர் 'தாப்பாக் கூடா', அதாவது குதிரையின் அடி. நம் கடற்கரை மணலில் படர்ந்து கிடக்கும் அக்கொடியைக் காட்டி, 'மானா, குதிரையா?' என்று கேட்டுப் பாருங்கள். வகுப்பே இலையை உற்றுப் பார்க்கும்.

ஒரு சொல்லின் சார்பு

சொல்லைத் தேர்வதில் அழகு மட்டுமன்றி நியாயமும் அடங்கியிருக்கிறது. இத்தீவின் தெற்கே, பெர்மாத்தாங் டாமார் லாவுட் கரைக்கு எதிரே, 2023 முதல் கடலில் மணல் கொட்டிப் புதுத் தீவு ஒன்று எழுப்பப்படுகிறது. இத்தகைய பணியை நம்மிற் பலர் 'நில மீட்பு' என்று எழுதுகின்றனர். மீட்பது என்றால் முன்பு நம்மிடம் இருந்து பறிபோனதைத் திரும்பப் பெறுவது. அந்நிலம் எப்போது நம்மிடம் இருந்தது? எவர் பறித்தார்? மலாய்ச் சொல்லான 'தம்பாக்' மண்ணிட்டு நிரப்புதல் என்றே பொருள்படும். தமிழிலும் 'தூர்த்தல்' என்னும் பழஞ்சொல் உண்டு. கடலைத் தூர்ப்பது நாட்டுக்கு நன்று என்பார் சொல்லட்டும். தீது என்பார் சொல்லட்டும். அவ்வழக்கில் தீர்ப்புக் கூற இக்கட்டுரை வரவில்லை. வழக்கு நடக்குமுன்னே தீர்ப்பைச் சொல்லிவிடும் சொல்லைப் பிள்ளைகள் கையில் கொடுக்கவேண்டா என்பதே என் வேண்டுகோள்.

ஒரு மறுப்பு

'பினாங்குத் தமிழர் மீனவர் அல்லர். ரப்பர் மரத்தையும் தென்னையையும் நம்பிப் பெரும்பாலும் உள்நாட்டு ஊர்களிலிருந்து வந்தவர். பேராமையும் அழுங்காமையும் அவர்களுக்கும் புதுச் சொற்களே. அவற்றைத் திணிப்பது இன்னொரு வகைப் புலமைச் செருக்கு ஆகாதா?' என்று நண்பர் ஒருவர் கேட்டார். இது புறக்கணிக்கத்தக்க வினா அன்று. பங்குனி ஆமை என்னும் பெயரில் உள்ள மாதக் கணக்குச் சோழமண்டலக் கரைக்கு உரியது. நம் கரைக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்ல இயலாது. நம் வீட்டுப் பெண்கள் சந்தையில் 'கெம்போங்' என்றும் 'தெங்கிரி' என்றும் கேட்டே மீன் வாங்குகின்றனர். அச்சொற்களை நீக்கிவிட்டுக் கானாங்கெளுத்தி, வஞ்சிரம் என்று மட்டும் அச்சிட்டால் பாட்டி மீண்டும் ஒரு கேள்வி கேட்பார்.

ஆதலின் நான் வேண்டுவது தூய்மையன்று, இணைப்பு. வீட்டில் வழங்கும் மலாய்ப் பெயர் முதலில் வரட்டும். அதன் அருகே தமிழ்க் கடற்கரையின் பெயர் வரட்டும். அஃது எந்தக் கரையின் பெயர் என்பதும் வரட்டும். நம் பிள்ளை ஆறு ஆண்டு தமிழில் அறிவியல் கற்று, ஏழாம் ஆண்டில் மலாய் வகுப்பில் உட்காருகிறது. 2003-இல் அறிவியலையும் கணிதத்தையும் ஆங்கிலத்தில் கற்பிக்கத் தொடங்கிப் பின்னர்ப் படிப்படியாகக் கைவிட்டதையும் நாம் கண்டோம். ஒவ்வொரு மாற்றத்திலும் பிள்ளை சொல்லை இழக்கிறது. சொல்லோடு பொருளையும் இழக்கிறது. இரு பெயரையும் ஒருங்கே அறிந்த பிள்ளை இழப்பதில்லை.

கலிபோர்னியாவில் ஒரு முயற்சி

இது நமக்கு மட்டும் உரிய இடர்ப்பாடு அன்று. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் மான்டரே வளைகுடா 1992-இல் கடற்காப்பகமாக அறிவிக்கப்பட்டது. அதனை அடுத்த வாட்சன்வில் என்னும் ஊரில் பழத்தோட்டங்களிலும் காய்கறிப் பண்ணைகளிலும் உழைப்போர் பெரும்பாலும் மெக்சிக்க வழிவந்த ஸ்பானிய மொழியினர். கடல் அருகே இருந்தும் அது தங்களுக்கு உரியது என்ற எண்ணம் அவர்களிடம் வளர வாய்ப்புக் குறைவு. அக்குடும்பங்களுக்காகக் காப்பகத்தார் 'மெரிட்டோ' என்னும் இருமொழித் திட்டத்தை வகுத்தனர். ஸ்பானிய மொழியில் அச்சொல்லுக்குத் தகுதி, சிறப்பு என்பது பொருள். நீரைப் பற்றிய பாடத்தைப் பண்ணையிலிருந்தே அங்குத் தொடங்கலாம். வயலில் இட்ட உரமும் தெளித்த மருந்தும் கால்வாய் வழியே வளைகுடாவுக்குச் செல்கின்றன அல்லவா?

தோட்டப் பள்ளி ஆசிரியர்க்கு இதைவிட அணுக்கமான பாடம் ஏது? எண்ணெய்ப்பனைத் தோட்டத்து மண்வாய்க்காலில் ஓடும் நீரும் ஆற்றில் சேர்ந்து நீரிணையில்தான் கலக்கிறது. என் மாணவர் கடலுக்கு அந்நியர் அல்லர். அவர்கள் வீட்டு வாசல் வாய்க்காலே கடலின் தொடக்கம். துண்டுத்தாள் அந்த வாய்க்காலிலிருந்து பேச்சைத் தொடங்கியிருந்தால் பாட்டி தாமே மிச்சத்தைச் சொல்லியிருப்பார்.

நாம் செய்யத்தக்கது

பினாங்கில் 28 தமிழ்ப் பள்ளிகள் இருக்கின்றன. இத்தகைய வெளியீடு ஒன்று நம் பள்ளிக்கு வந்தால் மூன்று கேள்விகளைக் கேட்போம். செய்வோனும் செயலும் வாக்கியத்தில் இருக்கின்றனவா? உயிருக்கும் செடிக்கும் மக்கள் வாயில் வழங்கும் பெயர் இருக்கிறதா? பிள்ளை வீட்டில் படித்துக் காட்டினால் முதியவர் பதில் சொல்வாரா? மூன்றுக்கும் 'ஆம்' என்றால் வாழ்த்தி எழுதுவோம். 'இல்லை' என்றால், பழிக்காமல், திருத்திய படியை நாமே எழுதி அனுப்புவோம். குறை சொல்வதற்கு உள்ள உரிமை, கூடமாட நின்று உழைப்பவனுக்கே உண்டு.

அந்த மாணவிக்கு நான் மூன்று சொல்லில் ஒரு வாக்கியம் எழுதிக் கொடுத்தேன். அன்று மாலை அதைப் படித்துக் காட்டியிருக்கிறாள். 'அந்தக் காலத்துல சந்தையில வித்தாங்க, நாங்களும் வாங்கித் தின்னோம். தெரியாமப் போச்சு' என்றாராம் பாட்டி. பேத்தி அதைக் கேட்டு, ஏன், எப்போது, எவ்வளவு என்று கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டிருக்கிறாள். இரவு வரையில் அவ்வீட்டில் ஆமையைப் பற்றியே பேச்சு நடந்ததாம். நல்ல தமிழ் வெளியீட்டின் வேலை அந்தப் பேச்சைத் தொடங்கிவைப்பதே ஆகும்.