காணா அவையில் அருளுரை

சென்ற கல்வியாண்டில் நம் அருளுரை வகுப்பில் இறுதியாண்டு மாணவர் ஒருவர் பயிற்சி அருளுரை நிகழ்த்தினார். லூக்கா 15ஆம் அதிகாரத்து இளைய மகனே பொருள். ஆயத்தம் குறைவன்று; கிரேக்க மூலத்தையும் பார்த்திருந்தார். எனினும், முன்னே அமர்ந்திருந்த இருபது பேரில் ஒருவரையும் தொடக்கமுதல் இறுதிவரை அவர் ஏறிட்டுப் பார்க்கவில்லை. நம் தலைகளுக்கு மேலே, பின்சுவர்க் கடிகாரத்துக்குச் சற்றுக் கீழே ஓரிடத்தையே நோக்கிப் பேசினார். பொருள் வேண்டாத இடங்களில் குரல் உயர்ந்தது. மூன்று வாக்கியங்களுக்கு ஒருமுறை நிறுத்தி, எவரும் சொல்லாத அல்லேலூயாவுக்காகக் காத்திருந்தார். திறனாய்வின்போது காரணம் கேட்டோம். இரவுதோறும் தொலைக்காட்சியில் அருளுரைகளைக் கண்டே பேசப் பழகியதாகவும், சுவரிலிருந்த அவ்விடம் கேமரா இருக்குமிடம் என்றும் மறைக்காமல் சொன்னார். மற்ற மாணவர் நகைத்தனர். நம்மால் நகைக்க இயலவில்லை. அதன் காரணத்தைப் பின்னர்ச் சொல்வோம்.

பிறர் பேசக் கேட்டுப் பேசப் பழகுதல் பிழையன்று. மிலான் நகரில் சொற்கலை ஆசிரியராயிருந்த அகுஸ்தீனே, கிறிஸ்தவப் போதனையைப் பற்றிய தம் நூலின் நான்காம் பகுதியில், இலக்கண விதிகளை உருப்போடுவதினும் நாவன்மை உடையாரைக் கேட்டும் படித்தும் பழகுவதே சிறந்த வழி என்று கருதுகிறார். நம் மாணவர் செய்ததும் அதுவே. ஆனால், தாம் கேட்டுப் பழகிய பேச்சு எங்கே பிறந்தது, எதற்காக அவ்வடிவம் கொண்டது, அதற்கு யார் விலை கொடுத்தார் என்பவற்றை அவர் அறியார். அறியாதது அவர் குற்றமன்று. நாம் பேச்சுக் கலையை ஓர் அறையிலும், ஒளிபரப்பின் வரலாற்றை, கற்பித்தால், வேறோர் அறையிலும் கற்பிக்கிறோம். பிரிந்து நிற்கையில் முன்னது வெறும் அபிநயமாகவும் பின்னது ஆண்டுகளின் பட்டியலாகவும் முடிகின்றன.

வரலாற்றைத் தொட்டுக்காட்டும் ஓரிரு இடங்களிலும் அரைகுறையாகவே காட்டுகிறோம். 1960ஆம் ஆண்டு செப்டம்பர் 26ஆம் நாள் சிக்காகோவில் கென்னடியும் நிக்சனும் சொற்போரிட்டதை ஏறத்தாழ 7 கோடி அமெரிக்கர் தொலைக்காட்சியில் கண்டனர். வானொலியில் கேட்டவர் நிக்சன் வென்றதாகவும், கண்டவர் கென்னடி வென்றதாகவும் கருதினர் என்று வகுப்புதோறும் சொல்கிறோம். ஆகவே முகப்பொலிவே வெற்றி என்று முடிக்கிறோம். வானொலி கேட்டோரைப் பற்றிய அச்செய்தியின் சான்று மிக மெலிந்தது என்று ஆய்வாளர் பின்னர் எடுத்துக்காட்டியுள்ளனர். அந்நிகழ்ச்சியில் நாம் கற்கத்தக்கது வேறு. நிக்சன் தம் எதிராளிக்கு மறுமொழி சொன்னார்; கென்னடியோ கேமராவுக்கு அப்பால் வீட்டில் இருந்தவரிடம் பேசினார். வேறுபாடு முகப்பூச்சைச் சார்ந்தது மட்டுமன்று. எதிரே இருப்பவர் யார் என்ற கணிப்பைச் சார்ந்தது.

திருவள்ளுவர் பொருட்பாலில் சொல்வன்மைக்கு ஓர் அதிகாரமும், அவையறிதலுக்கு ஓர் அதிகாரமும், அவையஞ்சாமைக்கு ஓர் அதிகாரமும் தந்தார். அவை என்பது கண்முன் இருக்கும் என்பதை அவர் விளக்கவேண்டிய தேவை இருக்கவில்லை. பேசுவோனும் கேட்போனும் ஒரே கூரையின் கீழ் இருந்த காலம் அது. அக்கூரையை முதலில் கலைத்தது வானொலி. 1933 மார்ச் 12 அன்று குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் வங்கி நெருக்கடியைப் பற்றி எளிய சொற்களில் உரையாற்றியபோது, மேடைப் பேச்சுக்கு உரிய ஏற்ற இறக்கங்கள் ஒரு குடும்பத்தின் முன்னறையில் பொருந்தா என்பதை உணர்ந்தே பேசினார். தொலைக்காட்சி வந்தபோது இந்தப் பாடம் ஏற்கெனவே ஆயத்தமாயிருந்தது.

தொலைக்காட்சியின் தொடக்கத்திலேயே திருச்சபையின் நிழல் உண்டு. 1926 ஜனவரி 26 அன்று இலண்டனில் அறிவியலாளர் முன்னிலையில் அதனை இயக்கிக் காட்டிய ஜான் லோகி பேர்டு, ஸ்காட்லாந்தில் ஒரு போதகர் இல்லத்தில் பிறந்தவர். பி.பி.சி. 1936 நவம்பர் 2 அன்று அலெக்சாந்திரா அரண்மனையிலிருந்து ஒழுங்கான ஒளிபரப்பைத் தொடங்கிற்று. 1940இன் உயிர்ப்பு ஞாயிறன்று நியூயார்க் பரிசோதனை நிலையம் வழிபாட்டை ஒளிபரப்பியபோது பெட்டி வைத்திருந்த வீடுகள் மிகச் சிலவே. இவற்றை விரைவாகக் கடந்து, நாம் நின்று நோக்கவேண்டிய மனிதரிடம் வருவோம்.

அவர் கத்தோலிக்கர், நியூயார்க் உயர் மறைமாவட்டத்தின் துணை ஆயர் புல்டன் ஷீன். சீர்திருத்தத் திருச்சபையின் இதழில் அவரை முன்னிறுத்துவதற்குச் சிலர் முகம் சுளிக்கலாம். சுளித்தபின் படிக்க வேண்டுகிறோம். 1952 பிப்ரவரி 12 அன்று, டூமாண்ட் வலையமைப்பில், செவ்வாய்க்கிழமை இரவு 8 மணிக்கு அவருடைய தொடர் தொடங்கியது. அதே நேரத்தில் மற்றொரு வலையமைப்பில் நகைச்சுவை நடிகர் மில்டன் பெர்ல் கோலோச்சிக்கொண்டிருந்தார். அவரோடு போட்டியிட விரும்புவோர் இல்லாத நேரமாதலின் அது ஆயருக்குக் கிடைத்தது. அடுத்த ஆண்டே தொலைக்காட்சியின் தலைசிறந்த ஆளுமைக்குரிய எம்மி விருது ஷீனுக்கு வழங்கப்பட்டது. பின்னர் ஏ.பி.சி. வலையமைப்புக்கு மாறிய அத்தொடர் 1957 வரை நடைபெற்றது.

அங்கே இருந்தவை யாவை? ஒரு படிப்பறை போன்ற அரங்கம், ஒரு கரும்பலகை, சுண்ணக்கட்டி, மேலங்கி அணிந்த ஒரு மனிதர். கையில் குறிப்பு இல்லை. எழுத்தைக் காட்டும் கருவி இல்லை. நேரடி ஒளிபரப்பு, பிழைத்தால் திருத்த வழியில்லை. ஒவ்வோர் உரைக்கும் ஏறத்தாழ 30 மணி நேரம் உழைத்ததாக அவரது தன்வரலாறு கூறுகிறது. பொருள் தமக்கே தெளிவாயிற்றா என்று சோதிக்க, அதே உரையை முன்னதாக இத்தாலிய மொழியிலும் பிரெஞ்சு மொழியிலும் நண்பர்களிடம் சொல்லிப் பார்ப்பாராம். நம் மாணவருக்கு இதனினும் சிறந்த பயிற்சியை நாம் அறியோம். ஆங்கிலத்தில் படித்த இறையியலைத் தமிழில் ஒரு விவசாயிக்கு முதலில் சொல்லிப் பார்க்கும் மாணவர், தமக்குப் புரிந்ததாக எண்ணியது புரியவில்லை என்பதை ஐந்து நிமிடத்தில் கண்டுகொள்வார்.

ஷீன் வானத்திலிருந்து இறங்கி அரங்கத்துக்குள் வந்தவர் அல்லர். 1926 முதல் 1950 வரை வாஷிங்டனில் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தியவர். 1930 முதல் வானொலியில் பேசியவர். வகுப்பறை அவருக்குக் கரும்பலகையையும், வானொலி அவருக்குத் தாழ்ந்த குரலையும் தந்திருந்தன. எழுதிய பலகையை அழிக்க அவர் கேமராவின் எல்லையைவிட்டு நகர்வார். பணியாளர் ஒருவர் அதற்குள் துடைத்துவிடுவார். அந்தக் காணாக் கையைத் தம் தேவதூதர் என்று சொல்லி நகைக்கச் செய்வார். நகைச்சுவைக்காக நகைச்சுவையன்று, இரண்டு கருத்துகளுக்கு இடையே கேட்பவர் மூச்சுவிடும் இடம் அது. முடிவுரை இத்தனை நிமிடம் என்று முன்னரே அறிந்திருந்ததால், நேரம் நெருங்குகையில் எவ்விடத்தில் நின்றாலும் அங்கிருந்து முடிவுக்குப் பாலம் போட அவருக்குத் தெரிந்திருந்தது. ஞாயிறு வழிபாட்டில் மூன்று முறை முடிப்பதாகச் சொல்லி முடிக்காதவர்கள் இதைக் கவனிப்பார்களாக. நம்மையும் சேர்த்தே சொல்கிறோம்.

குறையும் உண்டு. மேலங்கியை வீசி நிற்கும் நிலையில் நாடகம் மிகுதி. கண்களை அகல விழிப்பதில் அச்சுறுத்தல் கலந்திருந்தது. பொதுவுடைமையைப் பற்றிய பேச்சுகளில் அமெரிக்கப் பெருமிதமும் நற்செய்தியும் எங்கே பிரிகின்றன என்று காண்பது கடினம். தொடருக்கு ஒரு தொலைக்காட்சிப் பெட்டி நிறுவனம் பொருளுதவி செய்ததால், வணிகத்தினின்று முற்றும் விலகி நின்றது என்று கூறவும் இயலாது. ஆனால் ஒன்றைக் கருதவேண்டும்: அடுத்த செவ்வாய்க்கிழமை அந்நிகழ்ச்சி தொடர்வதற்காக, பேசியவர் கேட்பவரிடம் கையேந்தவேண்டிய தேவை இருக்கவில்லை. ஆகவே அவருடைய வாக்கியங்களுக்கு அவசரம் இல்லை. ஒரு கருத்தை விளக்கி, கேட்பவர் அதை ஏற்கலாம், ஏற்காமலும் இருக்கலாம் என்ற அமைதியோடு விடைபெற அவரால் முடிந்தது.

இந்த அமைதி ஏன் மறைந்தது என்பதே ஒளிபரப்பின் வரலாறு நமக்குச் சொல்லவேண்டிய செய்தி. 1934இன் சட்டம் ஒளிபரப்பு நிலையங்களைப் பொதுநலனுக்குக் கடமைப்பட்டவையாக்கிற்று. அக்கடமையின் ஒரு பகுதியாகப் பெரிய வலையமைப்புகள் சமயங்களுக்கு விலையின்றி நேரம் வழங்கின. அந்நேரம் பெரும்பாலும் நம் மரபைச் சேர்ந்த பெரிய சபைகளின் பேரவைக்கும், கத்தோலிக்கருக்கும், யூதருக்குமே சென்றது. பிறர் பணம் கொடுத்து வாங்க நேர்ந்தது. சில வலையமைப்புகள் அவர்களுக்கு விற்கவும் மறுத்தன. அவர்களது மனக்குறை நியாயமானதே. இலவச நேரம் ஒரு சலுகை என்பதையும், சலுகை பெற்றவர் பலவேளைகளில் சுவையற்ற அருளுரைகளால் அதை வீணாக்கினர் என்பதையும் நம் தரப்பினர் எளிதில் ஒப்புக்கொள்வதில்லை.

1960இல் அமெரிக்கக் கூட்டாட்சித் தகவல் தொடர்பு ஆணையம், விலையின்றித் தந்த நேரத்துக்கும் விலைக்கு விற்ற நேரத்துக்கும் பொதுநல நோக்கில் வேறுபாடு காணவேண்டியதில்லை என்று அறிவித்தது. விற்கக்கூடியதை இலவசமாகத் தருவதற்கு நிலையங்களுக்குக் காரணம் இல்லாமற்போயிற்று. 1959இல் அங்குச் சமய ஒளிபரப்பில் 53 விழுக்காடு விலைகொடுத்து வாங்கிய நேரமாயிருந்தது. 1977இல் அது 92 விழுக்காடு ஆயிற்று. இறையியல் கருத்தரங்கு எதுவும் செய்யாத மாற்றத்தை இந்தக் கணக்கு அருளுரையில் செய்தது.

நிமிடத்துக்கு விலை உண்டெனில், அந்நிமிடம் தன் விலையைத் தானே ஈட்டவேண்டும். முதலில் நெருக்கடி, பின் வாக்குறுதி, பின் ஒருவரின் சாட்சி, பின் முகவரி. பேச்சு மெல்ல விளக்க நேரமில்லை. இடையில் பெட்டியைத் திருப்பிவிடுவார்களோ என்ற அச்சத்தால் மூன்று வாக்கியங்களுக்கு ஒருமுறை ஓர் உச்சம் தேவைப்படுகிறது. 1957 ஜூன் மாதம் பில்லி கிரகாம் நியூயார்க்கின் மாடிசன் சதுக்க அரங்கில் பேசியதை ஏ.பி.சி. சனிக்கிழமை இரவுகளில் ஒளிபரப்பியபோது, அவர் அழைப்பு விடுத்தது கண்முன் இருந்த மக்களுக்கு. அவர்கள் எழுந்து வந்தனர். வீட்டிலிருந்தோர் அதைக் கண்டனர். அவ்வழைப்பின் வடிவம் பின்னர் அரங்கத்துக்குள் பெயர்ந்தபோது, எழுந்து வரவேண்டியது மனிதரா காசோலையா என்ற ஐயம் எழுந்தது. 1987 ஜனவரியில் ஓரல் ராபர்ட்ஸ், மார்ச் மாதத்துக்குள் 80 இலட்சம் டாலர் சேராவிட்டால் கடவுள் தம்மை அழைத்துக்கொள்வார் என்று ஒளிபரப்பில் அறிவித்தார். மருத்துவ ஊழியரை உருவாக்கும் நோக்கம் நல்லதே. ஆனால் அதைக் கேட்பதற்கு அவருக்குக் கிடைத்த சொல்வடிவம், ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் விலைக்கு வாங்கிய நேரத்தில் பேசிப்பேசி உருவான வடிவம்.

இங்கே மால்கம் மக்கரிட்ஜின் கருத்தை நினைப்பவர் இருப்பர். 1976இல் இலண்டனில் அவர் ஆற்றி மறு ஆண்டு நூலான சொற்பொழிவுகளில், ஆண்டவருக்கு நான்காவது சோதனையாகத் தொலைக்காட்சி நேரம் வழங்கப்பட்டதாகவும் அவர் அதை மறுத்ததாகவும் கற்பனை செய்தார்; கேமரா தன் இயல்பிலேயே பொய் சொல்லும் என்பது அவர் வாதம். அழகிய வாதம், முற்றிலும் ஏற்கக்கூடியதன்று. கல்கத்தாவின் அன்னை தெரேசாவை உலகறியச் செய்தவற்றுள் முதன்மையானது 1969இல் அதே மக்கரிட்ஜ் பி.பி.சி.க்காக உருவாக்கிய படம். கேமராவைப் பழிப்பது எளிது. யார் விலை கொடுத்தார் என்று கேட்பது சங்கடமானது. மக்கரிட்ஜ் முன்னதைத் தேர்ந்தார் என்பது நம் மதிப்பீடு.

சென்னையில் 1975 ஆகஸ்டு 15 அன்று தொலைக்காட்சி தொடங்கியபோது அது அரசினுடையது; அங்கு அருளுரைக்கு நேரம் வாங்கும் வழியில்லை. 1990களில் தனியார் அலைவரிசைகள் வந்தபின்னரே தமிழ்ப் போதகர் நேரம் வாங்கலாயினர். எனவே ஷீனின் காலத்து அமைதியை நாம் காணவே இல்லை. நமக்கு வந்து சேர்ந்ததும், நம் மாணவர் இரவுதோறும் கண்டதும், விலைகொடுத்த நிமிடத்தின் பேச்சே.

நாம் நகைக்காததன் காரணம் இது. சில ஆண்டுகளுக்கு முன் நம்மையும் ஓர் அலைவரிசையில் பத்து நிமிடம் பேச அழைத்தனர். செலவைச் சபையார் ஏற்றனர். ஆலயத்தில் பேசுவது போலவே கையுயர்த்தி முழங்கினோம். பதிவு முடிந்ததும் கேமராவை இயக்கிய இளைஞர், “ஐயா, எதிர்ல நான் ஒருத்தன்தானே இருக்கேன், ஏன் இவ்வளவு சத்தம்?” என்றார். மரியாதையாகவே கேட்டார். வீட்டில் அதைக் கண்டபோது, முழங்கியவரை நமக்கே அடையாளம் தெரியவில்லை. தவணைதோறும் அவையறிதலைப் பற்றி விரிவுரை செய்பவரின் நிலை அது.

அம்மாணவரை மறு ஞாயிறு ஓர் ஊர்ச் சபைக்கு அனுப்பினோம். ஆலயம் அன்று, ஒரு வீட்டுத் திண்ணை. பதினொரு பேர். அதே அருளுரையைத்தான் சொன்னாராம். நோக்குவதற்குச் சுவர் இல்லை, தெருதான் இருந்தது. பாதியில் முதிய தாயார் ஒருவர் கையமர்த்தி, “தம்பி, அந்த மூத்த மகன் கடைசியில வீட்டுக்குள்ள போனானா இல்லையா?” என்று கேட்டிருக்கிறார். லூக்கா அதைச் சொல்லவில்லை என்பது மாணவருக்குத் தெரியும். ஆனால் அதை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. அந்த அம்மாளின் இரு மகன்களும் ஒருவரோடொருவர் பேசுவதில்லை என்று பின்னர் உபதேசியார் சொன்னாராம். திங்கட்கிழமை காலை, முதல் மணி அடிக்குமுன் அம்மாணவர் நம் அறைக்கு வந்து, அக்கேள்விக்கு என்ன சொல்லியிருக்கவேண்டும் என்று கேட்டார். வேதாகமத்தைத் திறந்துவைத்து இருவரும் அமர்ந்தோம்.