அமெரிக்கத் தீயணைப்பு வீரரின் வாழ்க்கை (1903 திரைப்படம்)

'அமெரிக்கத் தீயணைப்பு வீரரின் வாழ்க்கை' என்பது எட்வின் எஸ். போர்ட்டர், எடிசன் நிறுவனத்துக்காக எடுத்த ஊமைப்படம் ஆகும். 1903 சனவரியில் வெளிவந்த இப்படம் ஏறத்தாழ 6 நிமிடங்கள் ஓடும். எரியும் வீட்டிலிருந்து ஒரு தாயையும் குழந்தையையும் மீட்பதே கதை.

இப்படத்தின் புகழ் நெடுங்காலம் தவறான பிரதி ஒன்றைச் சார்ந்திருந்தது. நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகப் பிரதியில், மீட்புக் காட்சி அறையின் உள்ளும் புறமுமாக மாறி மாறி வருகிறது. இதை வைத்து, அவ்வாறு காட்சிகளை வெட்டி இணைக்கும் உத்தியைப் போர்ட்டரே தொடங்கினார் என்று பலர் எழுதினர். ஆனால் அது பிற்காலத்தில் மாற்றித் தொகுக்கப்பட்ட பிரதி.

அமெரிக்கச் சட்டம் 1912 வரை திரைப்படத்துக்குத் தனியாகப் பதிப்புரிமை வழங்கவில்லை. எனவே படங்களைத் தாளில் ஒளிப்படங்களாக அச்சிட்டுப் பதிவு செய்தனர். அமெரிக்கக் காங்கிரசு நூலகத்தில் உள்ள அத்தாள் பிரதியில், மீட்பு முழுவதும் முதலில் அறைக்குள்ளிருந்து காட்டப்படுகிறது. பிறகு அதே நிகழ்ச்சி வெளியிலிருந்து மீண்டும் காட்டப்படுகிறது.

இதை அறியாமை என்று ஒதுக்குவது சரியன்று. தாயைத் தூக்கிச் சென்ற வீரர் குழந்தைக்காக அறைக்குத் திரும்பி வருகிறார். ஏன் திரும்பினார் என்பது வெளிக்காட்சியில்தான் விளங்குகிறது: மயக்கம் தெளிந்த தாய் குழந்தைக்காக மன்றாடுகிறாள். காரணம் தெளிவாகிறது, ஆனால் முடிவு முன்பே தெரிந்துவிட்டதால் பதற்றம் குறைகிறது. இதுவே படத்தின் உண்மையான குறை.

பழைய படத்தை மதிப்பிடும் மாணவர்கள், தாம் பார்ப்பது எந்தப் பிரதி என்பதை முதலில் அறிந்துகொள்ள வேண்டும்.