தாத்தாவின் வலையில் சிக்கிய சூரை

டேனியல் பாலி 1995ல் எழுதிய கட்டுரை அது. ஒரே பக்கம்தான். மீன்வள ஆய்வில் வேலைக்குப் போக நினைக்கிறவர்கள் முதலில் இதைப் படிக்கணும் என்பேன். ஆனால் அப்படியே விழுங்கிவிடக் கூடாது.

வாதம் எளிமையானது. ஒவ்வொரு தலைமுறை மீன்வள விஞ்ஞானியும், தான் வேலைக்குச் சேர்ந்தபோது கடலில் இருந்த மீன் அளவையே இயல்பு என்று எடுத்துக்கொள்கிறார். அதிலிருந்து எவ்வளவு குறைந்தது என்று ஓய்வுபெறும் வரை அளக்கிறார். அடுத்து வருபவருக்கு அந்தக் குறைந்த அளவே தொடக்கம். கடல் படிப்படியாகக் காலியாவது யார் கண்ணிலும் படுவதில்லை. ஷிஃப்டிங் பேஸ்லைன் சிண்ட்ரோம், அதாவது தொடக்கக்கோடு நகர்ந்துபோகும் கோளாறு என்று இதற்குப் பெயர் வைத்தார்.

மென்பொருள் ஆட்களுக்கு இது புதுசல்ல. நான் சேர்ந்த அன்று ஒரு பக்கம் திறக்க மூன்று நொடி ஆனால், எனக்கு அதுதான் நார்மல். முன்பு அரை நொடியில் திறந்தது என்பது பழைய லாக்கைத் தோண்டினால்தான் தெரியும்.

பாலி தோண்டச் சொல்லும் லாக், மனிதர்களின் நினைவு. சக விஞ்ஞானி ஒருவரின் தாத்தா 1920களில், டென்மார்க்குக்கும் ஸ்வீடனுக்கும் நடுவே கட்டெகாட் கடலில் கானாங்கெளுத்திக்கு வலை விரித்தால், சூரை மீன்கள் வந்து சிக்கித் தொல்லை தருமாம். அன்று சூரையை வாங்க ஆளில்லை. வானியலில் பழங்காலக் குறிப்புகளை ஆதாரமாக ஏற்கும்போது இதை ஏன் ஏற்கக்கூடாது என்பது அவர் கேள்வி. நியாயம்தான்.

என் குறை இங்கேதான். அந்தத் தாத்தாவின் பேச்சு ஆய்விதழில் ஏறியதற்குக் காரணம், பேரன் விஞ்ஞானி ஆனது. பேரன் விஞ்ஞானி ஆகாத தாத்தாக்களிடம் யார், எப்படிக் கேட்பது? அந்த விவரத்துக்குள் கட்டுரை போகவில்லை. மறதியையும் விஞ்ஞானிகள் பக்கம் மட்டுமே பார்க்கிறது.

2005ல் வந்த ஓர் ஆய்வு இந்த இடைவெளியைத் தொட்டது. மெக்சிகோவின் கலிஃபோர்னியா வளைகுடாவில் மூன்று தலைமுறை மீனவர்கள் 108 பேரிடம் நேரில் கேட்டார்கள். அருகிப்போன மீனினங்கள் என்று இளையவர்கள் சொன்னதைப் போல ஐந்து மடங்கு முதியவர்கள் சொன்னார்கள். ஆக, தினமும் கடலுக்குப் போகிறவருக்கும் இதே மறதிதான்.

இத்துறைக்குப் போகிற தம்பி தங்கைகளே, புள்ளியியல் படியுங்க, புரோகிராமிங் கத்துக்கங்க. கூடவே, சேர்ந்த முதல் வருஷமே அந்தக் கரையில் வயசானவர்களைத் தேடிப்போய், அவங்க சொல்வதைத் தேதியோட எழுதி வைங்க. மீன் கணக்கெடுப்பு அடுத்த வருஷமும் நடக்கும், அதுவரை அந்தப் பெரியவர் இருப்பார் என்று நம்பி உட்கார முடியாது.