பட்டை அகன்றது, அலை எங்கே?

கம்பியில்லாத் தொடர்புக் கருவிகளில் நுண்பட்டை ஆன்டெனா பரவலாகப் பயன்படுகிறது. மின்காப்புப் பலகை ஒன்றின் மேற்புறம் சிறு செப்புத் தகடு, அடிப்புறம் முழுவதும் செப்புப் படலம், அவ்வளவே. மெலிந்தது, மலிவானது. ஆனால் அது செம்மையாக இயங்கும் அதிர்வெண் பட்டை மிகக் குறுகியது. அப்பட்டையை அகலமாக்குவதே மாணவர் ஆய்வேடுகள் பலவற்றின் நோக்கம். நோக்கம் நன்றே; வெற்றியை அளக்கும் முறையில்தான் குறை இருக்கிறது.

பெரும்பாலும் ஒரே அளவுகோலைக் கொள்கிறார்கள். ஊட்டிய திறனில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் திரும்பி வராத அதிர்வெண் எல்லை எவ்வளவு என்று பார்க்கிறார்கள். அது விரிந்துவிட்டால் 'அகன்ற பட்டை' என்று பெயர் சூட்டிவிடுகிறார்கள். திரும்பி வராத திறன் எங்கே போயிற்று? ஆன்டெனாவுக்குப் பதிலாக 50 ஓம் மின்தடை ஒன்றை இணைத்துப் பாருங்கள். மிக அகன்ற எல்லையில் திறன் திரும்பாது. ஆயினும் அது ஆன்டெனா ஆகாது. திறன் முழுவதும் வெப்பமாகிறது.

இது வேடிக்கை உவமை அன்று. மாணவர்கள் மிகுதியாகப் பயன்படுத்தும் எஃப்.ஆர்.4 பலகையின் இழப்புக் கெழு ஏறத்தாழ 0.02. அதன் தலைகீழான 50-க்கு மேல் ஆன்டெனாவின் தரக்காரணி உயர முடியாது. தரக்காரணி குறையக் குறையப் பட்டை அகலும். 2.45 கிகாஹெர்ட்சில், 1.6 மி.மீ. தடிப்புள்ள பலகையில், கதிர்வீச்சினால் மட்டும் அமையும் தரக்காரணி 60-ஐ ஒட்டி இருக்கும். இரண்டையும் சேர்த்துக் கணக்கிட்டால், கிடைத்த அகலத்தில் பாதிக்கு மேல் பலகை திறனை விழுங்கியதால் வந்தது என்று தெரியும். ஊட்டிய திறனிலும் ஏறக்குறைய பாதி வீண். திறன் பாதியானால், வெட்டவெளியில் தொடர்பு எட்டும் தொலைவு சுமார் 30 விழுக்காடு குறையும். மின்கலத்தால் இயங்கும் கருவிக்கு இது சிறிய இழப்பன்று.

நேரிய வழிகளும் உண்டு. 1995-இல் ஹியூன், லீ இருவரும் தகட்டில் 'யு' வடிவ வெட்டு அமைத்து, தடித்த இடைவெளியின் மேல் அதை நிறுத்தி, ஒரே தகட்டிலேயே பட்டையைப் பெரிதும் விரித்தார்கள். இங்கே அகலம் பலகையின் இழப்பால் வரவில்லை. இரண்டு ஒத்ததிர்வுகள் அடுத்தடுத்து அமைவதால் வருகிறது. ஆனால் பருமன் கூடுகிறது; பட்டையின் மேல்முனையில் வேண்டாத முனைவாக்கமும் தலைகாட்டலாம்.

ஆகவே ஆய்வேட்டைப் படிக்கும்போது மூன்றைக் கேளுங்கள். திரும்பும் திறன் எவ்வளவு? பயனுறுதிறன் எவ்வளவு? பட்டையின் தொடக்கம், நடு, முடிவு ஆகிய மூன்றிடத்திலும் கதிர்வீச்சுக் கோலம் மாறாமல் இருக்கிறதா? முதல் கேள்விக்கு மட்டும் விடை தரும் ஆய்வு, பாதியில் நின்றுவிட்ட ஆய்வே.