பல்லைப் பார்த்து எடு

2016 டிசம்பர் 12, வர்தா புயல். சாய்ந்த மரங்களை வெட்டி வழிவிட சென்னைத் தெருக்களில் செயின் சா ஓயாமல் உறுமியது. எல்லோரும் பார்த்தது மெஷினை. மரத்தை அறுத்ததென்னவோ செயின்.

அதன் பல்லுக்கு ஆசான் ஒரு புழு. 1946-ல் அமெரிக்காவின் ஒரெகன் காட்டில், மரம் தின்னும் வண்டின் புழு இடமும் வலமும் மாறி மாறிக் கடித்து முன்னேறுவதை ஜோசப் காக்ஸ் கவனித்தார். இன்றும் செயினில் இடப்பல், வலப்பல் என்று மாறி மாறித்தான் வரும்.

சதுர முனைப் பல் சுத்தமான மரத்தில் வேகமாகப் பாயும். மண் பட்டால் சீக்கிரம் மழுங்கும். முனை உருண்ட பல் கொஞ்சம் நிதானம், ஆனால் தாக்குப்பிடிக்கும். நொச்சிக்குப்பம் மாதிரி கடற்கரையில், காற்று பட்டையிடுக்கெல்லாம் மணலைத் திணித்துவைத்த பூவரசுக்கும் வேம்புக்கும் இதுதான் சரி.

அளவும் பொருந்த வேண்டும். அடுத்தடுத்த மூன்று ரிவெட்டுகளின் தூரத்தில் பாதிதான் பிட்ச். 3/8 அங்குலச் செயின், அதை இழுத்துச் சுழற்றும் .325 அங்குல ஸ்ப்ராக்கெட் சக்கரத்தில் உட்காராது. செயினைத் தாங்கும் பாரின் பள்ளத்தில் ஓடும் அடிக்கண்ணியின் கனமும் 1.3, 1.5, 1.6 மில்லிமீட்டர் என மாறும். சின்ன மெஷினுக்குப் பெரிய செயின் போட்டால் இழுக்க முடியாமல் திணறும்.

கூர் இருக்கிறதா என்று தூளே சொல்லிவிடும். சீவல் சீவலாகத் தெறித்தால் ஓட்டு. மாவாகக் கொட்டினால் நிறுத்தி அரத்தை எடு.