பதநீருக்கு ஒரு விமர்சகன்

நல்ல நாவல் எது என்று தீர்ப்புச் சொல்லப் பத்துப் பேர் முன்வருவார்கள். நல்ல பதநீர் எது என்று கேட்டால், "தித்திப்பாக இருந்தால் நல்லது" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். தித்திப்புக்கு மட்டும் மார்க்குப் போடுவதானால் பனைமரமே தேவையில்லை. சர்க்கரைத் தண்ணீர் போதும். சாலையோரத்தில் சில குடங்களில் அதுதான் இருக்கிறது என்பதும் ரகசியமல்ல.

சாயல்குடிப் பக்கத்துப் பனங்காடுகளில் பாளையை நசுக்கிப் பதப்படுத்தி, அன்றாடம் நுனியைச் சீவி, கலயம் கட்டுகிறார்கள். கலயத்தின் உட்புறத்தில் பூசிய சுண்ணாம்புதான் இதில் சூட்சுமம். அது இல்லாவிட்டால் காற்றிலும் பழைய கலயத்திலும் உள்ள ஈஸ்ட் சில மணி நேரத்தில் சாற்றைக் கள்ளாக்கிவிடும். பதநீரும் கள்ளும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். ஒன்றுக்குக் காவல் இருந்தது, மற்றதற்கு இல்லை; அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆகவே, பதநீரை மதிப்பிடுவது என்பது அந்தக் காவலை மதிப்பிடுவதே. வீட்டில் இதைச் செய்து பார்க்கலாம். காலையில் இறக்கியதை வெயில் ஏறுமுன் வாங்கி, கண்ணாடித் தம்ளரில் ஊற்றிச் சற்று நேரம் அசையாமல் வையுங்கள். சுண்ணாம்பு அடியில் தங்கி மேல்நீர் தெளிய வேண்டும். பிறகு மோந்து பாருங்கள். புளித்த வாடை வந்தால் காவல்காரன் தூங்கிவிட்டான். வாயில் வைத்ததும் நாக்கு வறண்டு தொண்டை கமறினால், காவல்காரன் அளவுக்கு மீறி அதட்டியிருக்கிறான். இரண்டும் இல்லாமல், தித்திப்பு அடங்கிய பின்னும் பாளையின் மணம் நாக்கில் நின்றால் அது முதல் தரம். ராமேசுவரம் சாலையில் யாத்ரீகர்கள் ஓலைப் பட்டையில் குடிப்பது அலாதி சுகந்தான். ஆனால் பச்சை ஓலையின் வாசனை சாற்றின் குற்றத்தை மறைத்துவிடும். தீர்ப்புக்குத் தம்ளர், சந்தோஷத்துக்குப் பட்டை.

பெல்ஜியத்தில் பிரஸ்ஸல்ஸ் நகரை அடுத்து 'லாம்பிக்' என்று ஒரு பீர் காய்ச்சுகிறார்கள். அதற்கும் ஈஸ்ட்டைத் தனியாகச் சேர்ப்பதில்லை. காய்ச்சிய சாற்றை ஓர் இரவு திறந்த தொட்டியில் ஆறவிட்டு, காற்றில் வருவதை ஏற்றுக்கொண்டு, மரப்பீப்பாயில் வருஷக்கணக்கில் வைக்கிறார்கள். நம் கள்ளுக்குத் தூரத்து உறவு என்றே சொல்லலாம். அதை ருசி பார்க்கிறவர்கள் குதிரைச் சேணம், வைக்கோல், பச்சை ஆப்பிள் என்று வாசனைகளுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். 2016-இல் பெல்ஜியத்தின் பீர்க் கலாசாரம் யுனெஸ்கோவின் பட்டியலிலும் ஏறியது.

தமிழ்நாட்டில் கள்ளுக்கு 1987-இல் தடை வந்தது. 2003 முதல் அரசாங்கமே கடை வைத்து மற்ற மது வகைகளைச் சில்லறையில் விற்கிறது. இந்த முரண்பாட்டைப் பேசப் பலர் இருக்கிறார்கள். குடி கெடுத்த குடும்பங்களைப் பார்த்தவன் நான். கள்ளுக்கு வக்காலத்து வாங்க வரவில்லை. என் கவலை வேறு. சட்டம் தடுக்காத பதநீருக்குக்கூட நம்மிடம் நாலு ருசிச் சொற்கள் புழங்கவில்லையே!

இது வெறும் நாக்கின் விவகாரம் என்று ஒதுக்கிவிட முடியாது. வாங்குகிறவனுக்குத் தரம் தெரியாவிட்டால், நெஞ்சு தேய மரம் ஏறியவனுக்கும் சர்க்கரை கரைத்தவனுக்கும் ஒரே விலைதான். சுண்ணாம்பை அளந்து பூசிய கைக்கு அதனால் ஒரு காசு கூடுதலாகக் கிடைக்காது. அப்புறம் அவர் ஏன் தம் பிள்ளையை மரமேற அனுப்பப் போகிறார்? இந்தக் கோடையில் ஒரு தம்ளரைக் கையில் எடுத்தால், குடித்து முடிக்குமுன் ஒரு நிமிஷம் நிதானித்துப் பாருங்கள். நன்றாயிருந்தால், எதனால் நன்றாயிருக்கிறது என்று அந்த மனிதரிடமே சொல்லுங்கள்.