தறி யார் கைக்குப் போனது?
ஸ்பார்ட்டாவின் பெண்பிள்ளை வளர்ப்பை முன்வைத்து

ஸ்பார்ட்டா என்றதும் நமக்கு ஞாபகம் வருவது ஆண்கள்தான். ஏழு வயதில் தாயிடமிருந்து பிரிக்கப்படும் பையன், ஆண்கள் கூடி உண்ணும் பொதுப்பந்தி, கி.மு. 480இல் தெர்மாப்பிலே கணவாயில் செத்து விழுந்தவர்கள். இந்தப் போர்க் கதையாடலின் ஓரத்தில் பெண்பிள்ளையும் வந்து போகிறாள். அவளுக்கு இரண்டே வேஷம்: குட்டையான உடுப்பில் ஓடும் குமரி, மகனைச் சாகத் தயாராக்கிப் போருக்கு அனுப்பும் தாய். இந்த இரண்டையும் எடுத்துவைத்துக்கொண்டு, 'அந்தக் காலத்திலேயே அங்கே பொம்பளைக்கு எவ்வளவு சுதந்திரம் பாருங்கள்' என்று பேசுகிறவர்கள் பெண்ணியவாதிகளிலும் உண்டு, மார்க்சியர்களிலும் உண்டு. சுதந்திரம் இருந்ததா இல்லையா என்பதல்ல என் கேள்வி. அது யார் கணக்கில் எழுதப்பட்ட சுதந்திரம் என்பதே கேள்வி.

முதலில் பிரதிகளைப் பற்றி. ஸ்பார்ட்டாவின் பெண்பிள்ளை வளர்ப்பு பற்றி நமக்குக் கிடைக்கிற விவரணைகள் எல்லாமே வெளியூர் ஆம்பிளைகள் எழுதியவை. கி.மு. நான்காம் நூற்றாண்டின் செனபோன் ஏதென்ஸ்காரர், ஸ்பார்ட்டா கொடுத்த நிலத்தில் வாழ்ந்தவர், அதன் அபிமானி. அரிஸ்டாட்டில் அதன் விமர்சகர். நாம் அதிகம் மேற்கோள் காட்டுகிற ப்ளூட்டார்க் எழுதியது கி.பி. 100ஐ ஒட்டி, அதாவது, ஸ்பார்ட்டாவின் உச்சம் முடிந்து ஏறத்தாழ ஐந்நூறு வருஷம் கழித்து. கோழையாகத் திரும்பிய மகனைக் கொன்ற தாய்மார் கதைகள் பெரும்பாலும் அவர் பெயரில் வழங்கும் தொகுப்பிலிருந்து வருபவை. பிரெஞ்சு அறிஞர் ஃபிரான்சுவா ஒலியே 1933இலேயே இதற்கு 'ஸ்பார்ட்டாக் கானல்' என்று பெயர் வைத்துவிட்டார். கானல் என்பதால் விட்டுவிட வேண்டியதில்லை. அது எந்தப் பக்கம் வளைகிறது என்று பார்த்தால் போதும்.

செனபோன் என்ன சொல்கிறார்? பிற கிரேக்க ஊர்களில் பெண்பிள்ளைக்கு அளந்துதான் சோறு. அவளை உள்ளே உட்காரவைத்து கம்பளி நூற்கவிடுகிறார்கள். ஏதென்ஸில் பதினாலு, பதினைந்து வயதில், முப்பதை எட்டிய ஒருவனுக்குக் கட்டிக்கொடுப்பதுதான் வழக்கம். ஸ்பார்ட்டாவின் சட்டம் செய்தவராகச் சொல்லப்படும் லைகர்கஸ் இதை மாற்றினாராம். துணி நெய்ய அடிமைப் பெண்கள் போதும், குடிமக்களின் பெண்களுக்கு முக்கியமான வேலை பிள்ளை பெறுவது என்று அவர் கருதினாராம். ஆகவே பெண்களுக்கும் ஓட்டம், பலப்பரீட்சை. ப்ளூட்டார்க் இந்தப் பட்டியலில் மல்யுத்தம், வட்டெறிதல், ஈட்டியெறிதல் சேர்க்கிறார். உடல் முற்றிய பிறகே கல்யாணம் என்கிறார். பிரிட்டிஷ் மியூசியத்தில் கி.மு. ஆறாம் நூற்றாண்டின் சிறு வெண்கலச் சிலை ஒன்று இருக்கிறது. ஒரு மார்பு திறந்திருக்க, உடுப்பின் ஓரத்தைக் கையால் தூக்கிப் பிடித்து ஓடும் பெண். ஆகவே ஓட்டம் வெறும் கதை இல்லை.

ஆனால் செனபோனின் தர்க்கத்தை இன்னொரு தரம் வாசியுங்கள். பெண்ணுடல் ஓட விடப்படுவது அது பெண்ணுடையது என்பதால் அல்ல. பலமுள்ள இருவர் சேர்ந்தால் பலமுள்ள பிள்ளை என்பதால். தறியிலிருந்து அவிழ்த்த உடலைப் பிள்ளைப்பேற்றில் கொண்டுபோய்க் கட்டுகிறார்கள். கல்யாணச் சடங்கையும் பாருங்கள். ப்ளூட்டார்க் சொல்கிறபடி மணப்பெண்ணைத் தூக்கிச் செல்வதுதான் வழக்கம்; பிறகு தலைமயிரை ஒட்ட வெட்டி, ஆணின் மேலங்கியும் செருப்பும் மாட்டி, விளக்கில்லாத அறையில் தனியே கிடத்துகிறார்கள். மாப்பிள்ளை இருட்டில் வந்துவிட்டுத் தன் ஆண்கள் கூடாரத்துக்கே திரும்பிவிடுகிறான். வயசான கணவன் தன் மனைவியிடம் பிள்ளை பெற ஓர் இளைஞனை அழைத்துவரலாம். ஒருவன் இன்னொருவனின் மனைவியிடம், அந்தக் கணவனின் சம்மதத்தோடு, பிள்ளை பெறலாம். செனபோன், ப்ளூட்டார்க் இருவருமே இதை மெச்சிச் சொல்கிறார்கள். இருவருமே கணவனின் சம்மதத்தைத்தான் பேசுகிறார்கள். அவளிடம் கேட்டார்களா என்று எழுத இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

தமிழ் படித்தவர்களுக்குப் பிடிக்கக்கூடிய ஒரு பாடபேதச் சிக்கலும் இங்கே உண்டு. கல்லறையில் பெயர் பொறிக்கும் உரிமை ஸ்பார்ட்டாவில் இரண்டு பேருக்கு மட்டுமே என்கிறார் ப்ளூட்டார்க். ஒருவர் போரில் செத்த ஆண். மற்றவர்? சுவடிகளில் இருக்கும் சொல் புனிதப் பணியில் இருந்த பெண் என்பதாகப் பொருள் தருகிறது. நவீனப் பதிப்பாசிரியர்கள் அதைத் திருத்தி, பிள்ளைப்பேற்றில் இறந்த பெண் என்று வாசிக்கிறார்கள். லக்கோனியாவில் கிடைத்த சில கல்லறைக் கற்களில் அப்படி ஒரு குறிப்பு இருப்பது அவர்களுக்கு ஆதாரம். திருத்தம் சரியாகவே இருக்கலாம். ஆனால் போரும் பேறும் ஒன்று என்ற சமன்பாடு நமக்கு எவ்வளவு சுலபமாகப் பொருந்திவிடுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். பூசாரிணி ஒருத்தி பிரதியிலிருந்து விலகுகிறாள், அந்த இடத்தில் தாய் வந்து உட்கார்ந்துகொள்கிறாள்.

இந்த இடத்தில் பலருக்குப் புறநானூற்றுத் தாயர், குறிப்பாகப் பொன்முடியாரின் 312ஆம் பாட்டு, நினைவுக்கு வரும். ஜார்ஜ் தாம்சனின் மாணவரான க. கைலாசபதி 1968இல் வெளிவந்த தமிழ் வீரயுகக் கவிதை பற்றிய ஆங்கில நூலில் சங்கப் பாடல்களைக் கிரேக்க வீரப்பாடல்களோடு வைத்து ஆராய்ந்தார். அந்த ஒப்பீட்டுக்குத் தளம் உண்டு. ஆனால் அதை அப்படியே ஸ்பார்ட்டாவுக்கு நீட்டக் கூடாது. ஹோமரின் உலகம் தலைவர்களின் உலகம். ஸ்பார்ட்டாவோ விதிகளும் அதிகாரிகளும் கொண்ட ஒரு அரசு. தாய் தன் கடமையென்று ஒன்றைச் சொல்வதும், அரசு அவளை அதற்கென்றே வளர்த்தெடுப்பதும் ஒன்றல்ல.

இனி எங்கெல்ஸ். 1884இல் வந்த குடும்பம், தனிச்சொத்து, அரசு பற்றிய நூலில், ஸ்பார்ட்டாப் பெண்கள் மற்ற கிரேக்கப் பெண்களைவிட மதிப்பான நிலையில் இருந்தார்கள் என்கிறார் அவர். ஹெலட்டுகள், அதாவது நிலத்தோடு கட்டப்பட்ட அடிமைக் குடியானவர்கள், தள்ளியிருந்த பண்ணைகளில் வாழ்ந்ததால், அவர்களுடைய பெண்களிடம் போகும் சபலம் ஸ்பார்ட்டா ஆண்களுக்குக் குறைவு என்பது அவர் சொல்லும் காரணங்களில் ஒன்று. இந்த வாக்கியத்தில் ஹெலட் பெண் யார்? ஒரு சபலம். அவ்வளவுதான். குடிமகனின் மனைவிக்கு நிம்மதி தருவதற்காக மட்டும் அவள் பிரதிக்குள் வருகிறாள், பிறகு காணாமல் போகிறாள். உழைப்பைப் பற்றி நமக்குச் சொல்லிக்கொடுத்தவரே இங்கே அவளுடைய உழைப்பைப் பற்றிக் கேட்காமல் போய்விட்டார்.

நாம் கேட்போம். செனபோன் சொன்ன 'அடிமைப் பெண்கள்' நெய்த நேரம்தான் குடிமகள் ஓடிய நேரம். மெசீனியாவின் குடியானவர்கள் விளைச்சலில் பாதியை எசமானர்களுக்குச் சுமந்ததாகக் கி.மு. ஏழாம் நூற்றாண்டிலேயே ஸ்பார்ட்டாக் கவிஞர் டைர்டேயஸ் பாடியிருக்கிறார். பெண்பிள்ளைக்கு வயிறு நிறையக் கிடைத்த சோறு அந்தப் பாதியிலிருந்து வந்தது. எஃபர்கள் என்ற ஐந்து அதிகாரிகள் ஆண்டுதோறும் பதவியேற்கும்போது ஹெலட்டுகள்மேல் முறைப்படி போர் அறிவிப்பார்கள். அப்படி அறிவித்துவிட்டால் ஹெலட்டைக் கொல்வது பாவமாகாது. இந்தச் செய்தி அரிஸ்டாட்டிலுடையது. இந்தப் போர்க்களத்துக்குள்தான் ஹெலட் பெண்ணும் பிள்ளை பெற்றாள், வளர்த்தாள். அவள் வளர்ப்புமுறை பற்றி எந்தச் செனபோனும் எழுதவில்லை.

அதற்காகக் குடிமகளை வெறும் கருவறை என்று முடித்துவிடவும் முடியாது. அதிகாரம் ஓர் உடலைத் தன் காரியத்துக்காகப் பழக்கும்போது, அந்த உடலில் காரியத்துக்கு மிஞ்சிய ஏதோ ஒன்றும் பழகிவிடுகிறது. கி.மு. ஏழாம் நூற்றாண்டின் ஆல்க்மன் கன்னியர் குழுவுக்காகச் செய்த பாடல் ஒன்று, எகிப்தில் 1855இல் கிடைத்த பப்பைரஸ் சுருளில் சிதைந்த வடிவில் இருக்கிறது. எழுதியவர் ஆண்தான். ஆனால் பாடிய பெண்கள் அகிடோ, ஹாகெசிகோரா என்று தங்களுக்குள் பெயர் சொல்லி, ஒருத்தி அழகை ஒருத்தி வியந்து, பந்தயக் குதிரைகளோடு ஒப்பிடுகிறார்கள். அந்தப் பார்வை எந்த மாப்பிள்ளையையும் தேடுவதாக இல்லை. ராஜவம்சத்துக் கைனிஸ்கா கி.மு. 396இலும் 392இலும் ஒலிம்பியாவில் நாலு குதிரைத் தேர்ப் பந்தயத்தில், குதிரைகளின் சொந்தக்காரியாக, வென்றாள். கிரேக்கம் முழுவதிலும் இந்த முடியைப் பெற்ற ஒரே பெண் தான் என்று கல்லில் பொறித்தாள். இந்த வெற்றிக்குக் காசு போதும், ஆண்மை தேவையில்லை என்று காட்டத்தான் அண்ணன் அகேசிலாஸ் அவளைத் தூண்டினான் என்று எழுதிவைத்திருக்கிறார்கள். அவன் சொன்ன நியாயம் எதுவானாலும், கல்லில் இருப்பது அவள் பெயர். நிலத்தில் ஐந்தில் இரண்டு பங்கு பெண்கள் கையில் போய்விட்டது என்று அரிஸ்டாட்டில் புலம்புவதும் இந்த மிச்சத்தைப் பற்றித்தான். ஆனால் அந்த நிலத்தை உழுதவர்கள் ஹெலட்டுகள். கைனிஸ்காவின் குதிரைகளுக்கும் அங்கிருந்துதான் தீனி.

கி.மு. 371இல் லியூக்ட்ராவில் ஸ்பார்ட்டா தீப்ஸிடம் தோற்றது. களத்திலிருந்த எழுநூறு குடிமக்களில் நானூறு பேர் சாவு. ஒப்பாரி வைக்கக் கூடாது என்று பெண்களுக்கு எஃபர்கள் உத்தரவு போட்டார்கள். மறுநாள் செத்தவர்களின் உறவினர் மலர்ந்த முகத்தோடு வெளியே வந்தார்கள். உயிர் பிழைத்தவர்களின் உறவினர்தான் தலை குனிந்திருந்தார்கள் என்கிறார் செனபோன். முகத்தைக்கூட அரசு வளர்த்திருந்தது. அடுத்த குளிர்காலத்தில் தீப்ஸ் படை ஊருக்கு அருகில் வந்து வீடுகளை எரித்தபோது, எதிரியைக் கண்டறியாத அந்தப் பெண்களால் புகையைப் பார்த்துச் சகிக்க முடியவில்லை. எதிரியைவிட அதிகக் குழப்பம் செய்தவர்கள் அவர்களே என்று அரிஸ்டாட்டில் நக்கலடிக்கிறார். ஈட்டி எறியக் கற்றவர்கள்தானே, ஏன்? எறியக் கற்பித்தவர்கள் படையில் இடம் கொடுக்கவில்லை. பயிற்சி அவளுக்கு, ஆயுதம் அவனுக்கு. பெண்பிள்ளைகளுக்கு உடற்பயிற்சி கொடுத்துவிட்டு அதையே விடுதலை என்று எந்த அரசு சொன்னாலும், எந்த இயக்கம் சொன்னாலும், இரண்டு விஷயம் விசாரிக்க வேண்டியிருக்கிறது: முடிவெடுக்கிற இடத்தில் அவள் இருக்கிறாளா? அவள் இறக்கிவைத்த வேலையை இப்போது செய்துகொண்டிருப்பவள் யார்?

அந்தப் படையெடுப்பின் தொடர்ச்சியாக, கி.மு. 369இல், மெசீனியா விடுதலையானது. ஹெலட்டுகளாக இருந்தவர்கள் தங்களுக்கென்று மெசீனி நகரத்தைக் கட்டினார்கள். ஸ்பார்ட்டாப் பெண்களின் அலறலைச் செனபோனும் அரிஸ்டாட்டிலும் பதிவு செய்துவிட்டார்கள். அதே வருஷம் மலைக்கு அந்தப் பக்கம், முதல் தடவையாகத் தன் பிள்ளைக்கென்று துணி நெய்த பெண்ணின் குரலைப் பதிய அங்கே யாரும் இல்லை.